கண்டித் துவக்கும் கீழைக் கடற்கரையும்

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் உற்சவத்தில் வனவாசமும் அருச்சுனன் தவநிலையும் நிகழ்வதை இப்பகுதியார் நன்கறிவர். ஐவருள் வில்லிற் சிறந்தவன், தன்னிடத்து இல்லாத படைக்கலமொன்றைப் பெறுதற்பொருட்டு வேடனாக வந்த இறைவனோடு பொருது, அதனைப் பெற்று மீண்டான் என்பது கதை. பிறரிடம் பெற்ற படைக்கலத்தைத் தமதாக்கிக்கொள்ளுதல் வரலாற்றிலும் பலகால் நிகழ்ந்ததே. ஈழத்தில் அவ்வாறு நிகழ்ந்தவற்றுட் சிறந்ததொன்று கண்டியரசிற் செய்யப்பெற்ற துவக்காகும். அதன் வரலாற்றையும் அமைப்பையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல்லை நோக்குவாம். தமிழகத்தார் ‘துப்பாக்கி’ என்பதனை நாம் ‘துவக்கு’ என்கின்றோம். சிங்கள மக்கள் ‘துவக்குவ’ என்பர். துருக்கி மொழியில் வழங்கும் ‘துஃபெக்’ என்னும் சொல்லே பாரசீகம் முதலிய மொழிகளின் வாயிலாக நடந்து வந்து இவ்வுருவங்களைப் பெற்றது என்பது சொல்லாராய்ச்சியாளர் கொள்கை. தூய தமிழில் எழுத விரும்புவோர் இதற்கு மாற்றுச்சொல் தேடுதலும் உண்டு. ஆயினும், யானைக்கு அஞ்சி வயற்காவல் புரியும் உழவனிடம் அதனை எதிர்பார்த்தல் முறையன்று. கருவி வந்தபோதே பெயரும் உடன்வந்தது. இரு மொழியாரும் அதனை ஒருங்கே ஏற்றுக்கொண்டனர்.

போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டளவில் இத்தீவிற்கு வந்தனர். அவர்தம் வெடிகள் இடியினும் பேரோசை செய்தன என மக்கள் வியந்து மன்னனுக்கு உரைத்ததாக இராசாவலிய என்னும் நூல் கூறும். அவ்வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னை போர்த்துக்கேயரை எதிர்த்தபோது கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் துணையை நாடினான். மலையாளக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வீரர் கடற்போரிலும் வெடிப்போரிலும் பயின்றவர். அவர்கள் வழியாகவும், போரிற் கைப்பற்றிய கருவிகளாலும், போர்த்துக்கேயர் படையினின்றும் ஓடிவந்தோராலும் இக்கலை உள்நாட்டுக் கொல்லருக்குக் கிட்டியது எனக் கொள்ளலாம். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே நிலைமை தலைகீழாயிற்று. 1596 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், லின்ஸ்கொட்டன் என்னும் ஒல்லாந்தர், இத்தீவினர் செய்யும் துவக்குக் குழல்களைப் போல் அழகியன பிறிதெங்கும் இல்லை என்னும் பொருள்பட எழுதினார். தொண்ணூறு ஆண்டுகளில் மாணாக்கர் ஆசிரியராயினர்.

இனி இதன் அமைப்பு. துவக்கின் வாய்வழியே மருந்தையும் ஈயக் குண்டையும் இட்டுக் கோலால் இடித்து இறுக்குவர். விசையை இழுத்தவுடன் சக்கிமுக்கிக் கல் உருக்குத் தகட்டில் மோதும். பொறி சிறு கிண்ணத்திலுள்ள மருந்திற் பற்றி, துளைவழியே உட்புகுந்து வெடிக்கும். இவ்விசைப்பொறியின் இனம் போர்த்துக்கல் நாட்டு வழக்கைத் தழுவியது. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் அவ்வகை மறைந்த பின்னரும் கண்டிக் கொல்லர் அதனைக் கைவிடவில்லை. ஆயினும் அவர்கள் கண்மூடிப் பின்பற்றினாரல்லர். ஐரோப்பியத் துவக்கில் விசைப்பொறி வலப்புறத்தே அமைவது வழக்கம். சிங்களத் துவக்கிலோ அது பெரும்பாலும் இடப்புறத்தே அமைந்துள்ளது. வலத்தோளில் அணைத்துச் சுடுவானுக்குப் பொறி முகத்தின் பக்கமாகத் தெறிக்கும் என்பதைச் சிந்திப்பின் இது வியப்பையே தரும். வெறும் போலி செய்வோர் இத்தகைய மாறுதலைத் துணியார். அடிக்கட்டை இரு சுருளாகப் பிளந்து வளையும். மரத்தின்மீது தந்தமும் வெள்ளியும் பித்தளையும் பதித்துக் கொடிவேலை செய்வர். விகாரைக் கதவுகளிலும் தந்தப் பேழைகளிலும் காணும் கொடியே இங்கும் படர்கின்றது. ஆனந்த குமாரசுவாமி 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலையும், தெரணியகலை 1942 இல் சிங்களப் படைக்கலங்கள் பற்றி எழுதிய கட்டுரையையும் இத்துறையில் விருப்புடைய மாணவர் தவறாது கற்றல் வேண்டும்.

தோளிற் சுமக்கும் துவக்கேயன்றி, மதில்மேற் சார்த்திச் சுடும் ‘மகாதுவக்கு’, கால்களில் நிறுத்திச் சுடும் ‘கொடித்துவக்கு’ எனப் பிற வகைகளும் இருந்தன. பின்னது இன்றும் சிங்களக் குடும்பப் பெயராக வழங்குகின்றது.

இவையனைத்தும் உள்நாட்டுப் பொருள்களாலேயே ஆயினவா? இரும்பு உண்டு, அதனை உருக்கும் முறையை, 1660 இல் கொட்டியாரத்திற் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் விரித்துரைத்துள்ளார். மருந்திற்கு வேண்டிய வெடியுப்பு மலைக்குகைகளிற் கிடைத்தது; அத்தகைய குகையொன்றை ஜோன் டேவி 1821 இல் வெளிவந்த நூலில் விவரித்துள்ளார். கரிக்குக் குறைவில்லை. கந்தகமோ இத்தீவின் மண்ணில் விளைவதன்று. அது கடல் கடந்தே வரவேண்டும். மலைக்குள் ஒடுங்கிய அரசெனப் பலரும் எண்ணும் கண்டியரசு, தன் துவக்கு வெடிப்பதற்கே கடலை நோக்கியிருந்தது.

இங்குதான் நமது கரையின் சிறப்புப் புலனாகின்றது. 1602 இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியே கண்டி மன்னனைக் காணச் சென்றார். போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் சுமார் 4,000 பேரைச் செனரத் மன்னன் 1626 இல் இப்பகுதியிற் குடியேற்றினான் என்பர். 1638 இல் மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து வீழ்ந்ததும் கண்டியும் ஒல்லாந்தரும் கூடிய கூட்டினாலேயே. மலைநாட்டுக்குக் கீழைக் கரை ஒரு வாயில். அவ்வாயில் அடைபட்டது 1766 இல்.

1762 இல் தொடங்கிய போரில், 1765 ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் கண்டி நகருட் புகுந்தார். நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் காட்டுக்கு அகன்றான்; அரண்மனை சூறையாடப்பட்டது. ஒல்லாந்தர் அங்கு நிலைக்க முடியாது திரும்பினராயினும், மறு ஆண்டு உடன்படிக்கையாற் கடற்கரை முழுவதும் அவர் வசமாயிற்று. மட்டக்களப்புக் கரையும் அதனுள் அடங்கும். உப்பும் கந்தகமும் இனி அயலார் இசைவின்றி மலையேறா. கண்டியின் வீழ்ச்சியை 1815 இலிருந்து எழுதுவோர் பலர்; யான் 1766 இலிருந்தே எழுதுவேன். 1803 இற்கூட ஆங்கிலப் படையொன்றைக் கண்டியார் அழித்தனர் என்பது உண்மையே. பின்னர் அரசு வீழ்ந்ததும் துவக்கின் குறையாலன்று, பிரதானிகளின் பிரிவினாலாகும்.

அன்று கொள்ளைபோன பொருள்கள் ஒல்லாந்து நாட்டிற் காட்சிப்பொருளாயின. லெவுக்கைத் திசாவை மன்னனுக்கு அளித்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி அவற்றுட் பெயர்பெற்றது. அம்ஸ்ரடாம் நகரின் றைக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்த அதுவும், இரு வாள்களும், ஒரு கத்தியும், இரு மகாதுவக்குகளும் 2023 இல் இலங்கைக்கு மீண்டன. ஏனைய துவக்குகள் பல, உலகெங்கும் சேகரிப்போர் கைகளில் உள்ளன, ஏலங்களில் விலைபோகின்றன. அவர்கள் தந்தத்தையும் வெள்ளியையும் எண்ணி விலை கூறுவர். எக்கொல்லன் செய்தான், யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை விலைச்சீட்டு உரைப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், குழலின் உட்புறத்தே திருகுவரி வெட்டிய றைபிள் படைகளிற் பரவியது. குண்டு சுழன்று சென்று தொலைவிலும் குறிதப்பாது தைக்கும். உட்புறம் வழவழப்பான கண்டித் துவக்கு அதற்கு நிகராகாது. 1853 ஆம் ஆண்டு என்பீல்ட் றைபிள் தோன்றியபோதோ கண்டியில் அரசனுமில்லை, அவனுக்குத் துவக்குச் செய்யும் கொல்லனுமில்லை.

எனினும் வாய்வழி மருந்திடும் முறை அழியவில்லை. இடித்து நிரப்புதலின் ‘இடியன்’ என நம்மவர் அழைக்கும் நாட்டுத் துவக்கு அதன் ஏழைச் சுற்றம். காட்டு வழியிற் கயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்கும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பன்றிக்கு வைத்தது யானைக்காலையும், விறகு பொறுக்கச் சென்றார் காலையும் முறித்தல் உண்டு. அதிற் கொடிவேலையும் இல்லை, வெள்ளியும் இல்லை.

கொழும்பு நூதனசாலைக்குச் செல்லும் மாணவர் சிங்களத் துவக்குகளை நோக்கும்போது பேழையின் இடப்புறமாகவும் சென்று நிற்றல் வேண்டும். வலப்புறம் நின்றால் மரமும் தந்தமுமே தோன்றும். விசைப்பொறி மறுபுறத்தில் இருக்கும்.