சிவப்பு பலூன்காரர் செய்த விளையாட்டு

கைப்பேசியில் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுபது வயது தாண்டிய கிழவன் என்ன செய்கிறான் என்று என் மருமகள் கேட்கிறாள். "சியாமில் எட்டுப் படை வைத்திருக்கிறேன், பெரியப்பா இந்தோனேசியாவில் காத்திருக்கிறார்" என்றால் சிரிக்கிறாள். 'ரிஸ்க்' என்ற அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. அதைச் செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் அல்பேர் லாமொரிஸ். சினிமா இயக்குநர். 1956-ல் வந்த 'லு பலோன் ரூழ்' அவர் எடுத்த படந்தான். பாரீசில் மெனில்மோந்தான் பகுதியில் ஒரு சிறுவனின் பின்னால் நாய்க்குட்டி போலச் சுற்றும் சிவப்பு பலூனின் கதை. சிறுவனாக நடித்தவன் அவருடைய சொந்த மகன். முப்பத்து நான்கு நிமிடம் ஓடும், பேச்சு மிகக் குறைவு. அந்தக் குறும்படத்துக்குக் கான் விழாவில் பரிசு, பிறகு திரைக்கதைக்கு ஆஸ்கார். எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். முடிவில் பலூனை மற்ற பையன்கள் கல்லால் அடிக்கும்போது பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். நான் இல்லை என்றுதான் இதுவரை சொல்லிவருகிறேன்.

அவ்வளவு மென்மையான படத்தை எடுத்த மனிதர் மறு வருடமே, 1957-ல், 'லா கோன்கேத் துய் மோந்த்' என்று ஒரு பலகை விளையாட்டை வெளியிட்டார். உலகத்தை வெல்வது என்று பொருள். நாற்பத்திரண்டு நாடுகள், ஆறு கண்டங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்துப் படை. 1959-ல் அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அதை 'ரிஸ்க்' என்று விற்றது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆட்டம் எளிது. தாக்குகிறவர் மூன்று பகடை வரை உருட்டலாம், காக்கிறவர் இரண்டு. பெரியதோடு பெரியதை ஒப்பிட வேண்டும். சமமாக விழுந்தால் காப்பவனுக்கே வெற்றி. இருந்தாலும் ஒரு பகடை கூடுதலாக இருப்பதால் தாக்குபவன் கை சற்று ஓங்கும். மூன்றுக்கு இரண்டு உருட்டினால், காப்பவன் இரண்டு படையும் இழப்பது நூற்றுக்கு 37 தடவை. தாக்குபவன் இரண்டும் இழப்பது 29 தடவை. அதாவது பயந்து மூலையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வழி இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் உட்காரலாம்! அதற்கு ஒரே வாசல்தான், சியாமிலிருந்து இந்தோனேசியா. முழுவதும் பிடித்து வைத்தால் முறைக்கு இரண்டு படை கூடுதல். ஆசியாவுக்கு ஏழு படை, ஆனால் பன்னிரண்டு நாடுகளைக் காக்க வேண்டும். யாரால் முடியும்?

இந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது 1966-ல். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சு குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அண்ணன் எழுதிக் கொடுத்தார், சொல்தாவாகப் போய்விட்டார். முதல் விடுமுறையில் வந்தபோது, படைமுகாமில் ஒரு தோழர் கொடுத்த பழைய பெட்டியைக் கொண்டுவந்தார். ஒரு மாதம் திண்ணையில் அதே வேலை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவார்.

அவர் திரும்பிப் போன பிறகு கடிதத்தில் ஆடிப் பார்த்தோம். தபாலில் விளையாடுவது உலகத்துக்குப் புதிதல்ல. சதுரங்கத்தை அப்படி ஆடியிருக்கிறார்கள். 'டிப்ளமசி' என்ற இன்னொரு படை விளையாட்டை 1963 முதல் அமெரிக்காவில் தபாலிலேயே ஆடினார்கள். அதைக் கண்டுபிடித்த ஆலன் கால்ஹாமர் பிற்காலத்தில் தபால்காரராகவே வேலை பார்த்தார். ஆனால் டிப்ளமசியில் பகடை கிடையாது. ரிஸ்க்கில் உண்டு. பகடையை யார் உருட்டுவது? தாக்குபவரே இருவருக்கும் உருட்டி எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

1968-ல் ஒரு கடிதம் வந்தது. மத்திய கிழக்கிலிருந்து இந்தியா மேல் பாய்ந்தாராம். மூன்று பகடையிலும் ஆறு. என் பக்கம் நாலும் இரண்டும். இந்தியாவே போய்விட்டது. எனக்குப் பதினெட்டு வயது. "அங்கே போனதும் பொய்யும் பழகிவிட்டதா?" என்று எழுதிப் போட்டேன். இந்தியா என்ற சொல் எங்கள் வீட்டில் அப்போது வெறும் விளையாட்டுச் சொல் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. ஒன்றரை வருடம் அண்ணனிடமிருந்து கடிதம் இல்லை. அம்மாவுக்கு மட்டும் மணியார்டர் வந்துகொண்டிருந்தது.

லாமொரிஸ் 1970 ஜூன் மாதம் ஈரானில் படம் பிடிக்கும்போது ஹெலிகாப்டர் விழுந்து இறந்துபோனார். வயது நாற்பத்தெட்டுதான். பாதியில் நின்ற அந்தப் படத்தை மனைவியும் மகனும் முடித்து வெளியிட்டார்கள். தன் விளையாட்டை ஊர் விட்டு ஊர் இருப்பவர்கள் கம்பியில்லாமல் ஆடுவார்கள் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

இணையத்தில் பகடையைக் கணினி உருட்டுகிறது. இவ்வளவுதான் விஷயம், ஆனால் எங்களுக்கு அது பெரிய விஷயம். ஒருவர் ஆடி முடித்தால் அடுத்தவருக்கு அறிவிப்பு போகிறது. நாங்கள் ஆடும் வகையில் 24 மணி நேரம் அவகாசம். அண்ணனுக்கு இப்போது எண்பத்து நான்கு. காலைக் காபியோடு அவர் ஆடும்போது இங்கே வெயில் ஏறிவிடும்.

போன மாதம் ஒரு முறை அவர் ஆடவில்லை. நேரம் கடந்து, முறை தானாக என்னிடம் வந்துவிட்டது. போன் செய்தேன். மகள் எடுத்து, மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று பிரெஞ்சில் சொன்னாள். என் படைகளை நான் நகர்த்தவே இல்லை. வெறுமனே முறையை முடித்து முடித்து விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் அவரே பேசினார். குரல் மெலிந்திருந்தது.

"ஏண்டா, சியாமை அப்படியே வைத்திருக்கிறாய்? எனக்கு இரக்கம் காட்டுகிறாயா?"

"இல்லை அண்ணே, யோசித்துக்கொண்டிருந்தேன்."

"அந்த மூணு ஆறு நிஜந்தாண்டா தம்பி."

நாங்கள் அதைப் பற்றிப் பேசி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று பகடையிலும் ஆறு விழுவது 216-ல் ஒரு தடவை. நடக்கக்கூடியதுதான் என்று சொன்னேன். வைத்த கையோடு கைப்பேசி மணி அடித்தது. இந்தோனேசியாவிலிருந்து சியாம் மேல் பாய்ந்திருக்கிறார்.