சொந்த வீட்டுக்கே அபராதமா?

வீட்டு முன்னால் புல் உயரமாக வளர்ந்தால் அபராதம். கதவுக்குப் பிடித்த நிறம் அடித்தால் அபராதம். அமெரிக்காவில் பல குடியிருப்புகளில் இதுதான் நடைமுறை. தண்டம் போடுவது அரசாங்கம் அல்ல, வீட்டு உரிமையாளர் சங்கம். இந்த அதிகாரம் அதற்கு எப்படி வந்தது?

பத்திரத்தின் வழியாகத்தான். மனை பிரித்து விற்றவர்கள் நிலத்தோடு சேர்த்து நிபந்தனைகளையும் பதிவு செய்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்சாஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கல்ஸ் இதைப் பெரிய அளவில் செய்தார். வீடு கைமாறினாலும் நிபந்தனை மாறாது. 1938-ல் நெப்பான்சிட் வழக்கில், சங்கமே வழக்குப் போட்டுக் கட்டணம் வசூலிக்கலாம் என்று நியூயார்க் நீதிமன்றம் சொன்னது.

ஆனால் அந்தக் காலத்துப் பத்திரங்கள் பலவற்றில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது! இதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968-ல் வந்த சட்டம் வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டையே தடை செய்தது.

மற்ற நிபந்தனைகள் நிலைத்தன. அபராதத்துக்கும் மெல்லக் கடிவாளம் வந்தது. ஃப்ளோரிடாவில் 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நிர்வாகிகள் அல்லாத உறுப்பினர் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். கலிஃபோர்னியா 2025-ல் பெரும்பாலான மீறல்களுக்கு 100 டாலர் உச்சவரம்பு வைத்தது.

"கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினாய்?" என்று சங்கம் கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் பத்திரத்தில் எழுதியதெல்லாம் நியாயமாகிவிடாது என்பதை 1948-லேயே பார்த்துவிட்டோமே!