பாக்கண்டி என்று திட்டுவதற்கு முன்

இந்தி பேசும் ஊருக்கு வேலைக்கு வந்தால் முதலில் நாக்கில் ஒட்டிக்கொள்பவை வசவுகள்தான். எனக்கு ஒட்டியவற்றில் ஒன்று 'பாக்கண்டி'. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இருக்கும் ஆசாமி. நம்மூரில் வேஷதாரி என்போமே, அதேதான்.

ஆங்கில 'ஹிப்போக்ரசி'யின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கிரேக்கத்தில் 'ஹுப்போக்ரிட்டேஸ்' என்றால் நாடக நடிகர். பக்தி வேஷம் போடுகிறவர்களை இயேசு கண்டிக்கும் இடங்களில் பைபிளின் கிரேக்க மூலத்தில் இருப்பது இந்தச் சொல்தான். தமிழ் பைபிளில் அது 'மாயக்காரர்'.

பாக்கண்டியின் பூர்வீகம் மேடை அல்ல, மதம். சமஸ்கிருதத்தில் 'பாஷண்ட', பிராகிருதத்தில் 'பாசண்ட'. குஜராத்தில் ஜூனாகட் பக்கம், கிர்நார் மலையடிவாரத்துப் பாறை ஒன்றில் அசோகரின் 14 ஆணைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. ஏழாவது ஆணை, எல்லாப் பாசண்டத்தாரும் எங்கும் வசிக்கலாம் என்கிறது. பன்னிரண்டாவது, தன் பாசண்டத்தின் மேலுள்ள பற்றால் அடுத்தவருடையதை மட்டம் தட்டுகிறவன் தன்னுடையதற்கே கெடுதல் செய்கிறான் என்கிறது. ஆக, அன்றைக்கு இதன் பொருள் வெறும் 'சமயப் பிரிவு'. திட்டு கிடையாது. நம் சிலப்பதிகாரத்திலோ பாசண்டச் சாத்தன் என்று ஒரு தெய்வமே உண்டு.

அப்புறம் என்ன ஆயிற்று? அவரவரும் தன்னை விட்டுவிட்டு, அடுத்தவரை மட்டும் பாசண்டர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பாலி நூல்களில் பௌத்தத்துக்கு வெளியே இருப்பவர் பாசண்டர். மனுஸ்மிருதியில் வேதத்துக்கு வெளியே இருப்பவர். சூதாடிகளோடு சேர்த்து அவரையும் ஊரைவிட்டுத் துரத்தச் சொல்கிறது. எங்கும் வசிக்கலாம் என்று அசோகர் சொன்னாரே, அந்தப் பாசண்டரைத்தான்! 1867 ஹரித்வார் கும்பமேளாவில் தயானந்த சரஸ்வதி 'பாக்கண்டத்தை உடைக்கும்' கொடியை நட்டபோது, அந்தச் சொல் மதத்தின் பெயரால் நடக்கும் மோசடிக்கான பெயராகியிருந்தது.

நடிகரிடமிருந்து போலிக்குப் பெயர் எடுத்ததில் ஒரு நியாயமாவது இருக்கிறது. அவர் நிஜமாகவே நடித்தார். பாசண்டர் நடிக்கவில்லையே! தன் நம்பிக்கையை நிஜமாகவே நம்பினார். அது நம்முடைய நம்பிக்கை இல்லை என்பதாலேயே பொய்யன் ஆனார்.

மோசடிச் சாமியார்களைத் திட்ட ஒரு வார்த்தை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் யாராவது யாரையாவது பாக்கண்டி என்னும்போது எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது: இவர் கண்டுபிடித்தது பொய்யையா, தன்னைப்போல் இல்லாத ஒருவரையா?