உணவமைச்சர் சி. சுப்பிரமணியம்: நம் தொகுதியின் பழைய உறுப்பினர்

வைர விழா மலருக்காக நம் பங்கின் பழைய கணக்கேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். தொடக்க ஆண்டுகளின் பக்கங்களில் ஞானஸ்நானம், திருமணம், மெழுகுதிரிச் செலவு இவற்றுக்கு நடுவே திரும்பத் திரும்ப வந்த வரிகள் வேறு: பால் பவுடர் மூட்டை, கோதுமை மூட்டை, எண்ணெய் டின், வண்டிக் கூலி. வயது முதிர்ந்தவர்களுக்கு அந்தச் சாக்குகள் நினைவிருக்கும். ஒன்றையொன்று பற்றிக் குலுக்கும் இரண்டு கைகளின் படம் அவற்றில் அச்சிட்டிருக்கும். அமெரிக்க மக்களின் நன்கொடை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கத்தோலிக்க நிவாரண அமைப்பின் வழியாக நாடெங்கும் பங்குகளுக்கு அவை வந்தன. பூசை முடிந்ததும் நம் தாய்மார் பாத்திரத்துடன் பங்குத்தந்தையின் வீட்டு வாசலில் வரிசையில் நிற்பார்கள். சாதி, மதம் பார்க்காமல்தான் கொடுத்தார்கள். ஆயினும் கையேந்தி நிற்பது எவருக்கும் எளிதன்று.

அந்த வரிசை எப்படி நின்றது என்று நாம் யோசித்ததில்லை. யோசித்தால், இதே வட்டாரத்தில் பிறந்து, 1962ல் நம் வாக்கைப் பெற்று மக்களவைக்குச் சென்ற ஒருவரின் வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது. அவர்தாம் திரு. சி. சுப்பிரமணியம். நம்மூர்ப் பெரியவர்கள் வாயில் அவர் எப்போதும் 'சி.எஸ்.' அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். அதனால் என்ன? நம் அடுப்பைச் சேர்ந்தவர்.

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30ஆம் நாள் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்துப் பின் சட்டம் பயின்றார். திருப்பராய்த்துறைத் தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் அவருடைய உறவினர். விடுதலைப் போரில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையிலும், அதைத் தொடர்ந்த தற்காலிக நாடாளுமன்றத்திலும் உறுப்பினராயிருந்தார். ஆக, அமைச்சர் நாற்காலியைக் காணுமுன்னரே நாட்டின் சட்டங்களை ஆக்கும் அவையில் அமர்ந்தவர்.

1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சர். நிதி, கல்வி, சட்டம் எனப் பொறுப்புகள். இராஜாஜி அமைச்சரவையில் இருந்தவர் 1954ல் கட்சித் தலைமைக்குக் காமராசரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். வென்ற காமராசரோ தோற்றவரைக் கூப்பிட்டுத் தம் அமைச்சரவையிலேயே வைத்துக்கொண்டார். இக்காலத்து இளைஞர்கள் இதைக் கதை என்றே எண்ணக்கூடும். பெருங்கொந்தளிப்பை உண்டாக்கிய தொடக்கக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டதும், பள்ளிகளில் மதிய உணவு பரவியதும் சி.எஸ். கல்வி அமைச்சராயிருந்த காலத்தில்தான். நம் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு உண்டவர்கள் இன்று தாத்தா பாட்டிகள்.

1962ல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேரு அவரை எஃகு, கனரகத் தொழில் அமைச்சராக்கினார். 1964ல் நேரு மறைந்தார். பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி, உணவு வேளாண்மை இலாகாவை சி.எஸ். கையில் கொடுத்தார். அக்காலத்தில் யாரும் விரும்பாத இலாகா அது; போனவர்கள் பெயர் கெட்டுத் திரும்புவார்கள் என்பது டில்லியில் பேச்சு.

நிலைமை அப்படி. கப்பலிலிருந்து இறங்கும் கோதுமை நேரே வாய்க்குப் போகும் நாடு என்று வெளிநாட்டார் நம்மைக் குறித்தார்கள். விளைச்சலைக் கூட்ட வேண்டுமானால் நிலத்தைக் கூட்ட முடியாது. ஏக்கருக்கு விளைவதைத்தான் கூட்ட வேண்டும். அதற்கு விஞ்ஞானி வேண்டும், நல்ல விதை வேண்டும், உரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, விளைந்ததை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். விலை இறங்கிவிடும் என்று அஞ்சுகிறவன் உர மூட்டைக்குக் கடன் வாங்கமாட்டான். இதைப் பொள்ளாச்சிக் குடியானவன் மகனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1965ன் தொடக்கத்திலேயே இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் கமிஷனும் ஏற்பட்டன. உணவுக் கழகத்தின் முதல் அலுவல் நம் தஞ்சாவூரில் தொடங்கியது. வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் அதுவரை அதிகாரிகளே இருந்துவந்தனர். அதே ஆண்டு முதன்முறையாக ஒரு விஞ்ஞானி, டாக்டர் பி.பி. பால், அப்பொறுப்புக்கு வந்தார். சிறிய மாற்றமாகத் தோன்றும். வயலையும் விதையையும் அறிந்தவன் சொல் கோப்புகளுக்கு மேலே ஏறியது அப்போதுதான்.

மெக்சிகோ நாட்டில் டாக்டர் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமையை டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் முதலியோர் டில்லி பூசா நிலையத்தில் பயிரிட்டுப் பார்த்திருந்தனர். நம் பழைய ரகங்களுக்கு உரம் கூடுதலாக இட்டால் தாள் உயர்ந்து, கதிர் கனத்து, சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது. அதுதான் அதிலுள்ள சூட்சுமம். ஆராய்ச்சி வயலில் சரி, நாட்டு வயலில்? ஆண்டுக்குச் சிறிது சிறிதாக விதை பெருக்கினால் பல ஆண்டுகள் ஆகும். சி.எஸ். காத்திருக்க இசையவில்லை. மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை 1966ல் இறக்குமதி செய்ய முடிவாயிற்று. அதுவரை எந்த நாடும் இத்தனை விதையை ஒரே வீச்சில் வாங்கியதில்லை.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. அன்னியச் செலாவணி எங்கே என்று நிதியமைச்சு கேட்டது. உரம் என்றால் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அடிமையாவது என்று இடதுசாரிகள் சாடினர். பணமுள்ள விவசாயிக்கே இது பயன்படும் என்றார்கள் திட்டக் குழுவில் சிலர். இக்கேள்விகள் எல்லாம் பொல்லாத கேள்விகள் அல்ல என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். சி.எஸ். தம் டில்லி பங்களாவின் புல்வெளியை உழுது, அங்கே புதுக் கோதுமையை விதைத்து வளர்த்துக் காட்டினார். அமைச்சர் வீட்டுப் பூந்தோட்டம் கோதுமை வயலாயிற்று. வாதத்தைவிட வயல் நன்றாகப் பேசும் என்று எண்ணினார் போலும்.

இதற்கிடையே நம் மாநிலம் எரிந்துகொண்டிருந்தது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கினர். பிப்ரவரி 11ஆம் நாள் சி.எஸ்.ஸும் திரு. ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தனர். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்றார். பின்னர் இருவரும் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றனர். ஆனால் மறுநாள், பிப்ரவரி 12ல், அமைச்சரின் சொந்தப் பொள்ளாச்சியிலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மாண்டனர். நம் பங்கில் அந்நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் சில பெரியவர்கள் மௌனமாகிவிடுகிறார்கள். ராஜினாமாவைத் திரும்பப் பெற்றது சரியா என்ற வழக்கு டீக்கடைகளில் வெகுநாள் நடந்தது. அவர் விலகியே இருந்திருந்தால் அந்த விதைக் கப்பல்கள் வந்திருக்குமா என்று யாரும் அப்போது கேட்கவில்லை. கேட்கக் கூடிய நேரமும் அதுவன்று.

பிறகு வானம் பொய்த்தது. 1964-65ல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் மறு ஆண்டு 7.2 கோடி டன்னுக்கு விழுந்தது. அதற்கடுத்த ஆண்டும் மழையில்லை; பீகாரில் பஞ்சம். 1966ல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் கப்பலில் வந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விட்டார். இந்தியா தன் வேளாண்மையைச் சீர்செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தார். 1965 நவம்பரில் ரோமாபுரியில் அமெரிக்க விவசாய மந்திரி ஆர்வில் ஃப்ரீமனும் சி.எஸ்.ஸும் சந்தித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அடுத்த ஜனவரி 11ல் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். இந்திரா காந்தியின் அமைச்சரவையிலும் சி.எஸ். உணவமைச்சராகவே தொடர்ந்தார்.

எகிப்தில் பார்வோனின் களஞ்சியத்தைக் காத்த யோசேப்பை நம் பங்குத்தந்தையர் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறோம். யோசேப்புக்குச் செழித்த ஏழாண்டு முதலில் கிடைத்தது. பஞ்சம் பின்னால் வந்தது. சி.எஸ்.ஸுக்கு முறை மாறிவிட்டது. காலியான களஞ்சியத்தை வைத்துக்கொண்டு விதைக்க வேண்டியிருந்தது.

1967 பொதுத்தேர்தல். அரிசிக்கு வரிசை, ரேஷனில் கோதுமை, மொழிக் கோபம் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. கோபிசெட்டிப்பாளையம் தொகுதியில் நின்ற உணவமைச்சர் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். விருதுநகரில் காமராசரே தோற்ற தேர்தல் அது. நம்மில் பலரும் அவர் கட்சிக்கு எதிராகவே வாக்களித்தோம். உலையில் போட அரிசி இல்லாதவர்களிடம் அடுத்த ஆண்டு விளையப்போகும் பஞ்சாப் கோதுமையைக் காட்டி வாக்குக் கேட்க முடியுமா?

விளைந்தது. 1968 வசந்தத்தில் பஞ்சாபிலும் அரியானாவிலும் களம் கொள்ளாத கோதுமை. கிடங்கு போதாமல் பள்ளிக்கூடங்களை மூடித் தானியம் அடுக்கினார்கள். முன்பு கண்ட உச்சமான 1.23 கோடி டன்னைத் தாண்டி அவ்வாண்டு கோதுமை சுமார் 1.65 கோடி டன் கண்டது, 1970-71ல் 2.38 கோடி டன். 1968 ஜூலையில் கோதுமைப் புரட்சி என்று தபால் தலை வெளியிடப்பட்டது. அப்போது உணவமைச்சர் ஜகஜீவன் ராம். விதைத்தவர் நாடாளுமன்றத்திலேயே இல்லை.

நம் பக்கத்தில் கோதுமை ஏது என்பீர்கள். அதே கொள்கையின் வழியில் ஏ.டி.டி.27ம் ஐ.ஆர்.8ம் தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்தன. ஐ.ஆர்.8 சோறு சுவையில்லை என்று அலுத்துக்கொண்டே நாம் வயிறு நிறைய உண்டோம்.

மீதிப் பதவிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1971ல் கிருஷ்ணகிரியிலிருந்து மீண்டும் மக்களவை. திட்டம், தொழில் வளர்ச்சி இலாகாக்கள். 1974 முதல் 1977 வரை நிதியமைச்சர். கிராமிய வங்கிகள் 1975ல் பிறந்தது இக்காலத்தில். அதே ஆண்டு நெருக்கடி நிலை வந்தபோதும் அவர் அமைச்சரவையிலேயே இருந்தார். பத்திரிகைகள் வாயடைக்கப்பட்டன, தலைவர்கள் சிறையிலிருந்தனர். மொழிக்காக ஒரு முறை பதவியைத் தூக்கி எறிய முன்வந்தவர், இதற்காக ஏன் எழுந்திருக்கவில்லை என்ற கேள்வி நமக்கு உண்டு. நல்லது செய்தவர் என்பதற்காக இதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. பிற்பாடு சரண் சிங் அமைச்சரவையில் சில மாதம் பாதுகாப்பு அமைச்சர். 1990ல் மகாராஷ்டிர ஆளுநரானார். பிரதமரைக் குறைகூறித் தனியாகப் பேசிய பேச்சு பத்திரிகையில் வந்துவிடவே, 1993ல் அப்பதவியை விட்டார். எண்பதைத் தாண்டியும் வாய் அடங்கவில்லை!

புதுவிதை எல்லாருக்கும் ஒன்றுபோல் பயன் தரவில்லை. கிணறும் கடனும் கிடைத்தவன் முன்னேறினான், மானாவாரிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கியது. உரமும் மருந்தும் மண்ணைக் கெடுத்தன. திட்டக் குழுவில் அன்று கேட்ட கேள்விகளில் சில அப்படியே நின்றுவிட்டன. அவற்றையும் நாம் எண்ணிப் பார்க்கிறோம். எண்ணிப் பார்க்கும்போதே கணக்கேட்டின் அந்தப் பக்கங்களும் கண்முன் வருகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லக் கோதுமை மூட்டை வரிகள் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் நின்றுவிடுகின்றன. வண்டிக் கூலி வரி மட்டும், கோயில் கட்டச் செங்கல் ஏற்றியதற்காக, தொடர்கிறது.

1998ல் அவருக்குப் பாரத ரத்னா விருது கொடுத்தார்கள். 2000 நவம்பர் 7ஆம் நாள், தொண்ணூறாவது வயதில், சென்னையில் காலமானார். கடைசி ஆண்டுகளிலும் அவர் பேச்சு விதை, மண், சிறு விவசாயி என்றே இருந்தது.