ஆக்டெரார்டர் கூற்றும் கிருபையின் வாசலும்

பாவத்தை விட்டொழித்தவன்தான் கிறிஸ்துவிடம் வரலாமா, அன்றிக் கிறிஸ்துவிடம் வந்தவன்தான் பாவத்தை விட்டொழிக்க வல்லவனாகிறானா? ஸ்காட்லாந்துத் திருச்சபையில் 1717ஆம் ஆண்டு இவ்வினா ஓர் இறையியல் மாணவரின் தேர்வில் எழுந்தது. வில்லியம் கிரெய்க் என்னும் அம்மாணவர் பிரசங்கிக்கும் உரிமை வேண்டி ஆக்டெரார்டர் மூப்பர் மன்றத்தின் முன் நின்றார். கிறிஸ்துவிடம் வருவதற்குப் பாவத்தை விடுதல் முன்நிபந்தனை என்று போதிப்பது நல்லுபதேசமன்று எனும் கூற்றை அவர் ஏற்கவேண்டும் என மன்றத்தார் கேட்டனர். முதலில் இசைந்தவர், பின்பு மனச்சான்று உறுத்தவே பின்வாங்கினார். மன்றம் உரிமைச்சான்றைத் தர மறுத்தது. அவர் பொதுப் பேரவையிடம் முறையிட்டார்.

அவ்வாண்டு மே மாதம் கூடிய பேரவை, மன்றத்தின் கூற்று மிகவும் அருவருக்கத்தக்கது எனத் தீர்ப்பளித்தது. அதே பேரவை, உபதேசப் பிழைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட கிளாஸ்கோ பேராசிரியர் ஜான் சிம்சனை எச்சரித்ததோடு விட்டுவிட்டது. கிருபையை மிகுதியாகப் பேசியவர்கள் மீதே கடுமை விழுந்தது.

எனினும் பேரவையாரின் அச்சத்தை நாம் இகழ்ந்து தள்ளலாகாது. ‘கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா’ என்று பவுலே கேட்கவேண்டியிருந்ததன்றோ? மன்றத்தின் கூற்றும் செம்மையாகச் சொல்லப்பட்டதன்று. அதனை ஆதரித்த தாமஸ் பாஸ்டனே இதனை ஒப்புக்கொண்டார். ஆயினும் நோய் வேறிடத்தில் இருந்தது. தேவன் தம் மக்களோடு செய்த உடன்படிக்கை, இரு தரப்பார் செய்துகொள்ளும் ஒப்பந்தம் போலப் பிரசங்க பீடங்களில் விளக்கப்பட்டு வந்தது. மனந்திரும்புதலும் பாவ உணர்வும் அவ்வொப்பந்தத்தின் நிபந்தனைகளாயின. கேட்போன் கிறிஸ்துவை நோக்குவதை விடுத்து, ‘என் துக்கம் போதுமானதா, என் மனமாற்றம் மெய்யானதா’ என்று தன்னையே சோதிக்கத் தொடங்கினான். தகுதி கண்டவன் பெருமை கொண்டான். காணாதவன் விலகி நின்றான். கிருபை என்ற சொல் மாறாமலே அதன் பொருள் கூலியாகிவிட்டது. நியாயப்பிரமாண மனப்பான்மை கிருபையின் சொற்களையே உடுத்திக்கொண்டு வருவதால்தான் அதனை அடையாளங்காண்பது அரிதாகிறது.

பாஸ்டன் அப்பேரவையில் அமர்ந்திருந்தும் வாய்திறவாதிருந்தார். ஆனால் அருகிருந்த ஜான் டிரம்மண்ட் என்னும் குருவானவரிடம் ஒரு பழைய நூலைப்பற்றிக் கூறினார். அது ‘தற்கால இறையியலின் சாரம்’ எனும் பொருளுடைய தலைப்பைக் கொண்டது. 1645இல் இலண்டனில் வெளிவந்தது. எட்வர்ட் ஃபிஷர் எழுதியதாகக் கருதப்படுவது. பாஸ்டன் சிம்பிரின் என்ற சிற்றூரில் பணியாற்றியபோது, முன்னாளில் போர்வீரராயிருந்த சபையார் ஒருவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிரதியை அவர் வீட்டில் கண்டெடுத்தார். நியாயப்பிரமாணவாதி, நியாயப்பிரமாணத்தை மறுப்பவன், புதிய விசுவாசி ஆகியோரோடு ஒரு சுவிசேஷகர் உரையாடும் வகையில் அமைந்த நூல் அது. கிரியைகளின் உடன்படிக்கையாக நியாயப்பிரமாணம் விசுவாசியை ஆளுவதில்லை. கிறிஸ்துவின் கரத்திலிருந்து வரும் வாழ்க்கை நெறியாக அது அவனுக்கு நிலைத்திருக்கிறது. இவ்வேறுபாடே நூலின் உயிர்நாடி. இதனைக் கற்றபின் பாஸ்டனின் பிரசங்கத் தொனியே மாறிற்று.

1718இல் ஜேம்ஸ் ஹாக் தம் முன்னுரையுடன் இந்நூலை மீண்டும் பதிப்பித்தார். புனித ஆந்திரேயா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜேம்ஸ் ஹேடோ அதனைத் தாக்கினார். 1720இல் பேரவை நூலைக் கண்டித்தது. இரட்சிப்புக்குப் பரிசுத்தம் தேவையில்லை என நூல் போதிப்பதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டது. எந்தக் குருவும் இதனைப் பரிந்துரைக்கலாகாது, தம் சபையாரை இதற்கு எதிராக எச்சரிக்கவும் வேண்டும் என்பது கட்டளை. நூலை வாசித்தவர்களைவிடக் கேள்விப்பட்டவர்களே இத்தீர்ப்புக்கு மிகுதியாக வாக்களித்திருப்பார்களோ என்று ஐயுறத் தோன்றுகிறது.

பாஸ்டன், எபனேசர் எர்ஸ்கின், ரால்ஃப் எர்ஸ்கின் உட்படப் பன்னிரு குருமார் இத்தீர்ப்பைத் திருத்தக் கோரி விண்ணப்பித்தனர். 1722இல் பேரவை அவர்களைக் கடிந்துகொண்டது. அவர்கள் எதிர்ப்பை எழுத்தில் அளித்தனர். பேரவை அதனை ஏற்கவில்லை. எனினும் ஒருவரும் பணிநீக்கம் செய்யப்படவில்லை. அவரவர் பிரசங்க பீடத்துக்கே திரும்பினர். பாஸ்டன் எட்ரிக் சபையில் தம் பணியைத் தொடர்ந்தார். 1726இல் தடைசெய்யப்பட்ட அந்நூலுக்கு விரிவான குறிப்புகள் எழுதிப் புனைபெயரில் வெளியிட்டார். 1732இல் தாம் இறக்கும்வரை அவர் அச்சபையை விட்டு நீங்கவேயில்லை.