கூட்டத்தில் பெரியம்மா

1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, சேப்பாக்கம் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டியது. ஆட்டம் தெரிந்த கூட்டம் என்று இன்றும் புகழ்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை. அன்று பெரிய முதலியார்சாவடியில், பக்கத்து வீட்டு வாசற்படியில் நின்றபடி டிவியில் பார்த்தேன். உள்ளே உட்கார ஆண்களுக்கே இடம் போதவில்லை. பெரியம்மா மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தாள்.

1976-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெண்கள் டெஸ்ட் நடந்தது 2024 ஜூன் 28-இல்தான். நுழைவு இலவசம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல் பஸ் பிடித்துப் பெரியம்மாவை அழைத்துப் போனேன். ஸ்மிருதியும் ஷெஃபாலியும் முதல் விக்கெட்டுக்கு 292 ரன் சேர்த்தார்கள். பெரியம்மா மதியம்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒதுங்க மறைவில்லாத உப்பளத்தில் நாற்பது வருடம் பழகிய பழக்கம். கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள்.

ஷெஃபாலி 205-இல் ரன் அவுட் ஆனபோது, "ஐயோ, ஏண்டி ஓடின!" என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அவள் உட்காரவில்லை.