பொதுக் கருவிகளும் பெங்களூரும்

பெங்களூரின் கணிப்பொறிப் பெருமையை எழுதப் புகுவோர் 1985-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் இந்நகரில் கால் வைத்த ஆண்டு அது. அதன்பின் வந்த நிறுவனங்களையும், அவற்றில் பணிபுரியும் நம் பிள்ளைகளையும் நாம் நன்கறிவோம். ஆயின், அப்பிள்ளைகள் நாள்தோறும் கையாளும் கருவிகளைச் செய்தவர் யாவர், அவை எந்த நிபந்தனையின்பேரில் இந்நகருக்கு வந்து சேர்ந்தன என்பதை நம் இல்லங்களில் பேசுவார் அரியர். அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம்.

தச்சனுக்கு உளியும் இழைப்புளியும் போல, நிரல் எழுதுவோர்க்கும் கருவிகள் உண்டு. மனிதர் எழுதிய நிரலைப் பொறி அறியும் கட்டளையாக மாற்றித் தரும் கம்பைலர் அவற்றுள் தலையாயது. ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983-ல் 'குனூ' திட்டத்தை அறிவித்து, 1987-ல் அத்தகைய கம்பைலர் ஒன்றை யாவர்க்கும் பொதுவாக வெளியிட்டார். 1989-ல் அவர் வகுத்த பொது உரிமத்தின் சாரம் இது: எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம், திருத்தியதை வழங்குவோர் அதன் மூல நிரலையும் அதே உரிமையோடு வழங்கவேண்டும். பின்லாந்து மாணவர் லைனஸ் டார்வால்ட்ஸ் 1991-ல் லினக்சைப் படைத்தபோது அக்கம்பைலரே அவருக்கு உளியாயிற்று. அடுத்த ஆண்டில் லினக்சும் அவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

நம் முன்னோர்க்கு இம்முறை புதிதன்று. ஏரிநீர் பாயும் நிலமுடையார் தாமே கூடித் தூர்வாரிக் கரையை உயர்த்திய குடிமராமத்தைத் தமிழ்ச் சிற்றூர்கள் அறியும். உத்தரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தையே குறிப்பிடுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏரிநீர் முகந்தால் குறையும். நிரலோ எத்தனை கோடிப் பேர் முகந்தாலும் குறைவதில்லை. அதனாலேயே முகப்பவர் பெருகினர். கரை காப்பவர் அவ்வாறு பெருகவில்லை.

பெங்களூர் இதில் எப்பக்கம் நின்றது? முதலில் நினைவுக்கு வருவது சிம்ப்யூட்டர். டாட்டா இன்ஸ்டிடியூட் என்று நம்மவர் வழங்கும் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோர், என்கோர் நிறுவனப் பொறியாளருடன் கூடி 1999-ல் ஓர் அறக்கட்டளை நிறுவினர். எழுத்தறியாதாரும் பயன்படுத்தத்தக்க கையடக்கக் கணிப்பொறியை லினக்சின்மேல் கட்டி, 2001-ல் அதன் முன்மாதிரியைக் காட்டினர். பெற்ற உரிமத்தின் நெறியை வன்பொருளுக்கும் அவர்கள் விரித்ததுதான் நாம் வியக்கத்தக்கது. அவ்வடிவமைப்பை உரிமம் பெற்றுத் திருத்தி விற்போர், ஓராண்டு அதன் ஆதாயத்தைத் துய்த்தபின், தம் திருத்தத்தை அறக்கட்டளைக்குத் திருப்பித் தரவேண்டும் என்று விதித்தனர். 2004-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் துணையோடு 'அமிடா' என்னும் பெயரில் கருவி அங்காடிக்கு வந்தது; எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. கைப்பேசி பெருகிய காலத்தில் அது மறைந்தே போயிற்று.

ஆயினும் அதன் உறுப்பு ஒன்று பிழைத்தது. எழுதியதை வாய்விட்டுப் படிக்க, முன்பே பதிந்த ஒலித்துண்டுகளைக் கோத்துப் பேசும் 'த்வனி' என்னும் மென்பொருளை ரமேஷ் ஹரிஹரன் செய்திருந்தார். மூல நிரல் திறந்திருந்தமையால், பின்னாளில் கேரளத்துச் சந்தோஷ் தோட்டிங்கல் அதனை எடுத்து வளர்த்தார். பல இந்திய மொழிகளை அது பேசலாயிற்று, நம் தமிழ் உட்பட. பூட்டி வைத்திருப்பின் கருவியோடு குரலும் மடிந்திருக்கும்.

2001-ல் 'லினக்ஸ் பெங்களூர்' என்னும் மாநாடு இந்நகரில் தொடங்கிற்று. 2005 முதல் அதன் பெயர் 'ஃபாஸ் டாட் இன்'. அதனை முன்னின்று நடத்திய அதுல் சிட்னிஸ், இந்தியர் பயன்படுத்துவோராகவே நின்றுவிடலாகாது, பங்களிப்போராகவும் வேண்டும் என்று ஓயாது வற்புறுத்தினார். பிந்திய மாநாடுகளில் பேச்சைக் குறைத்து, கூடியமர்ந்து நிரலைத் திருத்தும் வேலைக்கே இடந்தந்தனர். கேட்டுவிட்டுக் கலைய வந்தவர்க்கு இது கசந்திருக்கலாம். நமக்குச் சரியென்றே தோன்றுகிறது. 2012-ஆம் ஆண்டு மாநாடே இறுதியானது. அடுத்த ஆண்டு சிட்னிஸ் காலமானார்.

திருப்பித் தருவதை ஈகை என்று மட்டும் எண்ணற்க. ஒரு நிறுவனம் பொதுக்கருவியைத் தன் தேவைக்குத் திருத்தித் தன்னிடமே வைத்துக்கொண்டது என்போம். ஆறு திங்களில் மூலத்தார் புதிய பதிப்பை வெளியிடுவர். பழைய திருத்தம் அதில் பொருந்தாது. மீண்டும் செய்தாக வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் இத்துன்பமே. அத்திருத்தத்தை மூலத்தாருக்கே அனுப்பி, அவர்கள் ஆராய்ந்து ஏற்றுவிட்டால், அடுத்த பதிப்பிலேயே அது வந்துவிடும். காப்பாற்றும் சுமையும் பலர் தோளில் பரவும். மாறிய வரிகளை மட்டும் பிரித்துக் காட்டும் 'டிஃப்', அவற்றை உரிய இடத்தில் ஒட்டும் 'பேட்ச்', டார்வால்ட்சே 2005-ல் எழுதிய 'கிட்' ஆகிய யாவும் இக்கொடுக்கல் வாங்கலுக்குப் பெருந்துணையாயின. அனுப்பியவை எல்லாம் ஏற்கப்படுவதில்லை. குறை கூறித் திருப்புவர். திருத்தி மீண்டும் அனுப்பவேண்டும். முகமறியாத அயல்நாட்டார் முன் தன் வேலையைத் திறந்து வைக்க இளைஞர்க்கு நாணம் வருவது இயல்பே.

அண்மையில் பணத்தாலும் ஒரு வழி திறந்தது. பொதுக்கருவிகளைக் கொண்டே தன் தொழிலை எழுப்பிய செரோதா என்னும் பெங்களூர்ப் பங்குத்தரகு நிறுவனம், அத்தகைய திட்டங்களுக்கு உலகெங்கும் ஆண்டுதோறும் 10 இலட்சம் டாலர் வழங்குவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. பணம் நன்றே, எனினும் கரையில் மண் சுமக்கும் கைகளுக்கு அது ஈடாகாது என்பது எம் கருத்து.

அக்கைகள் நிரலறிந்தவர் கைகளாகவே இருக்கவேண்டும் என்பதுமில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் லிபரே ஆபீஸும் தம் பட்டிகளைத் தமிழில் காட்டுவது, தமிழறிந்த தன்னார்வலர் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்து அனுப்பியதனால். 'ஃபைல்' என்பதற்குக் 'கோப்பு' என்று எழுதியவர் பெயர் நம்மில் எவருக்கும் தெரியாது. சொல் மட்டும் திரையில் நிற்கிறது.